காப்பி மண்டி

"இனிமேல் கண்டுபிடிக்க என்னடி பாக்கி இருக்கிறது?" என்று அலுத்துக்கொண்டாள் என் சிநேகிதி. நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா, சகோதரி?

1903-லேயே ரைட் சகோதரர்கள் ஆகாயத்தில் பறந்துவிட்டார்கள். ஆனால் அதற்கு ஐந்து வருஷம் கழித்தும், ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மெலிட்டா பென்ட்ஸ் அம்மாளின் காப்பியில் வாயெல்லாம் மண்டி! ஒரு நாள் அவளுக்குப் பொறுமை போயிற்று. பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளைகள் போட்டாள். மகனுடைய பள்ளிக்கூட நோட்டிலிருந்து மை ஒற்றும் காகிதத்தைக் கிழித்து உள்ளே விரித்தாள். (பையன் என்ன கூச்சல் போட்டானோ!) தெளிந்த காப்பி இறங்கிற்று. 1908-லேயே அதைச் சர்க்காரில் பதிவு செய்து, வீட்டிலேயே வியாபாரமும் தொடங்கிவிட்டாள்.

சிநேகிதியிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.

"அப்படியானால், கண்ணீர் விடாமல் சின்ன வெங்காயம் உரிக்க ஏதாவது வழி பண்ணேன்!" என்றாள்.