நனைந்த நாடாவும் பதறிய கையும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் வாழும் நமக்கு, உப்புக்காற்று இரும்பைத் தின்னும் விதம் புதிதன்று. கணினிக் கணக்குகளின் காப்புப் பிரதியைத் தாங்கும் காந்த நாடாவும், உலோக நுண்துகள்களைப் பசையால் ஒட்டிய மெல்லிய பட்டையேயாம். ஈரம் அப்பசையைக் கெடுக்கும். கெட்ட நாடா படிக்கும் முனையில் ஒட்டி, ஓடுந்தோறும் உரிந்துவரும்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் வீடுகளிற் புகுந்ததை நம்மிற் பலர் கண்டனர். அத்தகைய வெள்ளத்தில் ஓர் ஆலைத் தொழிலாளியின் 30 ஆண்டு ஊழியக் கணக்கைத் தாங்கிய நாடா நனைந்ததென வைத்துக்கொள்வோம். அவருடைய ஓய்வூதியத்தைக் கெடுப்பது வெள்ளமன்று. "ஓடுகிறதா, பார்ப்போம்" என்று அதனை உடனே யந்திரத்தில் இடும் கையே என்பது நம் துணிபு. வெயிலில் உலர்த்துதலும் தகாது, உறையவைத்தலும் தகாது. சேறும் உப்பும் காய்ந்து பற்றுமுன், காய்ச்சி வடித்த நீரால் அலம்பி, ஈரம் உலராமலே வல்லுநரிடம் சேர்த்தல் வேண்டும். அவர் சுருளை மெள்ளப் பிரித்துத் துடைத்து உலர்த்தி, புதுப்பிரதி எடுத்தற்கென்றே அதனை ஓட்டுவர். பசை கெட்ட பழைய ஒலிநாடாக்களை ஏறக்குறைய 50 டிகிரி சூட்டில் பல மணிநேரம் வைத்துச் சிலகாலம் ஓடச் செய்வதும் உண்டு. அதைக் கேட்டு நம் மாணவர் அடுப்பங்கரையிற் பரீட்சிக்க வேண்டா!

நாடா நன்றாயிருந்தும் பயனற்றுப் போவதுண்டு. 1966, 1967 ஆண்டுகளில் சந்திரனைச் சுற்றிய ஐந்து அமெரிக்க விண்கலங்களின் படங்கள் நாடாக்களிற் பதிவாயின. பின்னர் அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் யந்திரங்கள் அருகிப்போயின. கழிக்கப்பட்ட சிலவற்றை நான்சி ஈவன்ஸ் என்னும் அம்மையார் தம் வீட்டுக் கார்க்கொட்டகையிற் காத்துவைத்தமையாலன்றோ, 2008-இல் சந்திரனருகிருந்து கண்ட பூமியின் படம் அந்நாடாவினின்றும் தெளிவாக மீண்டது! இக்காலத்து எல்.டி.ஓ. நாடாக்களிலும் 8-ஆம் தலைமுறை யந்திரம் 6-ஆம் தலைமுறை நாடாவைப் படியாது.

ஆதலின், பிரதி எடுத்தோம், பெட்டியிற் பூட்டினோம் என்று அமைதல் போதாது. நம் பகுதிக் காரியாலயங்கள் ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னர்ச் சில நாடாக்களையேனும் எடுத்து முற்றும் படித்துப் பார்த்தல் வேண்டும். செலவென்பர் சிலர். தொழிலாளியின் விதவை வாயிலில் வந்து நிற்கும் நாளில் அச்செலவுக் கணக்கை அவளிடம் காட்டுவரோ? அவ்விடங்களில் உத்தியோகம் ஏற்கும் நம் பழைய மாணவர், பழைய நாடாவைப் படிக்கும் யந்திரம் எங்கேயுளது என்று முதல் வாரத்திலேயே விசாரிப்பாராக.