எந்தப் பள்ளிக்கு அனுப்பப் போகிறோம்?

காது கேளாத பிள்ளைகளுக்கு மத நிறுவனங்கள் பள்ளி நடத்துவது ஆள் பிடிக்கத்தான், அதற்கு நம் பணம் எதற்கு என்று குவைத்தின் ஃபஹாஹீலில் நண்பர் ஒருவர் கேட்டார். ஏற்க முடியாது.

பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிஷனரி ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க உட்கார்ந்தபோது, அந்த வேலைக்கு யாரும் போட்டி போடவில்லை. ஜோர்டானின் சால்ட் நகரில் ஆங்கிலிக்கன் திருச்சபையினர் 1964இல் தொடங்கிய பள்ளியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். செவியோடு பார்வையும் இல்லாதவர்களுக்கும் அங்கே இடமுண்டு.

அவர்களுக்கான பாடம் எப்படி நடக்கும் தெரியுமா? ஆசிரியை சைகை செய்வார். பிள்ளை அவர் கைமேல் தன் கையை வைத்து வாசிக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் அதே கரண்டியை உள்ளங்கையில் வைப்பார்கள். அடுத்து சோறு வரும் என்று பிள்ளைக்குப் பிடிபட மாதக்கணக்கில் ஆகலாம். ஆள் பிடிக்க வந்தவர் இத்தனை பொறுமையாக உட்காரமாட்டார்.

குறை சொல்ல வேண்டுமா? சைகையை ஒதுக்கி வாய்ப்பேச்சை வற்புறுத்திய 1880 மிலான் காது கேளாதோர் கல்வி மாநாட்டில் பாதிரிமாரும் இருந்தார்கள். அதைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். பெற்றோர் சம்மதமில்லாமல் ஜெபம் சொல்லிக்கொடுத்தாலும் கேட்போம். ஆனால் நன்கொடையை நிறுத்திவிட்டு, செவியும் பார்வையும் இல்லாத பிள்ளையை வேறு எந்தப் பள்ளிக்கு அனுப்பப் போகிறோம், நண்பரே? அதன் பெயரைச் சொல்லுங்கள்.