துணிவும் துடுக்கும் வழக்கேட்டில்

நீதிமன்ற அவமதிப்பு பற்றிய 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. நியாயமான விமர்சனம் எதுவரை செல்லலாம், அரசியலமைப்பின் 105(3)ஆம் உறுப்புரையோடு இது எப்படிப் பொருந்துகிறது என்பவற்றைச் சட்டத்தரணிகளின் சஞ்சிகைகள் ஆராயட்டும். எது அவமதிப்பு என்பது எழுத்தில் வந்ததை நாமும் வரவேற்கிறோம். தானே தன் வழக்கைப் பேசிய ரொனி பெர்னாண்டோ 2003 பெப்ரவரியில் உயர் நீதிமன்றத்தில் குரலை உயர்த்தினார் என்று ஓராண்டு கடூழியச் சிறை பெற்றார். அது எதேச்சையான தடுத்துவைப்பு என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2005இல் சொன்ன பிறகும் இந்தச் சட்டத்துக்குப் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

உரைபெயர்ப்பாளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள், 2004இல் எஸ்.பி. திசாநாயக்கவுக்குக் கிடைத்த இரண்டு ஆண்டுகளையும் 2021இல் ரஞ்சன் ராமநாயக்கவுக்குக் கிடைத்த நான்கு ஆண்டுகளையும் நினைத்துப் பார்க்கட்டும். இருவரும் சிங்களத்தில் பேசினார்கள். அவர்கள் சொல்லின் சூட்டையும் எடையையும் நீதியரசர்கள் தங்கள் தாய்மொழியிலேயே அளந்தார்கள். தண்டனை சரியா பிழையா என்பது வேறு விடயம். எங்கள் சாட்சிக்கு அந்த வாய்ப்பு இல்லை. யாழ்ப்பாணத்தில் தமிழில் பதியப்பட்ட வழக்கேடு மேன்முறையீட்டுக்காகக் கொழும்புக்குப் போகும்போது பெரும்பாலும் ஆங்கிலமாகிவிடுகிறது. கூண்டில் நின்றவரின் முகத்தையும் குரலையும் அறியாத நீதியரசர் கையில் இருப்பது எங்கள் ஆங்கிலம் மட்டுமே.

அந்த ஆங்கிலத்தில் துணிவைச் சொல்லும் சொற்கள் ஒரு நீண்ட ஏணி. ஒரு தலையில் ‘கறேஜ்’, மறு தலையில் ‘இன்சொலென்ஸ்’. இடையில் நிற்கும் ‘போல்ட்’ இங்கே பாராட்டு. அயர்லாந்தில் குழப்படிக்காரப் பிள்ளையைக் கண்டிக்கும் சொல். ‘ஓடாசிற்றி’ புகழவும் உதவும், இகழவும் உதவும். ‘எஃப்ரன்றறி’, ‘இம்பியூடென்ஸ்’ வரை வந்துவிட்டால் திரும்ப வழியில்லை, பேசியவர் குற்றவாளிபோல ஆகிவிடுவார். இதில் தொழில்காரர் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஏணியின் அந்தத் தலையில் உள்ள சொற்கள் நடத்தையோடு பேசியவரின் தரத்தையும் சேர்த்து அளக்கின்றன. சாட்சி நீதிபதியிடம் ‘இன்சொலென்ற்’ ஆக இருக்கலாம். நீதிபதி சாட்சியிடம் அப்படி இருந்தார் என்று யாரும் எழுதுவதில்லை. எங்கள் ‘திமிர்’, ‘வாய்க்கொழுப்பு’ என்பவையும் அப்படித்தான். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடு என்று நின்றவர்களைத் துணிந்தவர்கள் என்றவர்களும் இருந்தார்கள், திமிர் பிடித்தவர்கள் என்றவர்களும் இருந்தார்கள். சொன்னவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுத்தது. அந்தப் பக்கத்தை எடுக்கும் அதிகாரம் உரைபெயர்ப்பாளருக்கு இல்லை.

குறுக்கு விசாரணையில் வயதான அம்மா ஒருவர் இளம் சட்டத்தரணியிடம், “தம்பி, அப்ப நீர் பிறந்துமிருக்கமாட்டீர்” என்கிறார். யாழ்ப்பாணத்தில் அந்த ‘நீர்’ மூத்தவர் இளையவருக்குக் கொடுக்கும் மதிப்பு. ‘தம்பி’ அதன்மேல் வைத்த வாஞ்சை. ஆங்கிலத்தில் இரண்டும் உதிர்ந்து வெறும் எகத்தாளம் மிஞ்சும். இராணுவச் சாட்சிகளும் அவர்களின் சட்டத்தரணிகளும் இருக்கிற வழக்கில் அதே ‘நீர்’ சிங்களத்துக்கு ‘தமுசே’ என்று போனால் அப்பட்டமான அவமதிப்பு. இன்னொன்று, “அதைச் சொல்ல ஏலாது.” நினைவில்லை, தெரியாது, என்னால் முடியவில்லை என்ற பொருளில்தான் எங்கள் சனம் இதைப் பெரும்பாலும் சொல்லும். சொல்ல மாட்டேன் என்று பெயர்த்துவிட்டால், கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்ல மறுத்த சாட்சி ஆகிவிடுகிறார். ஆட்கொணர்வு மனுவில் “உங்கடை ஆக்கள்தானே கொண்டுபோனவை” என்று அரச சட்டத்தரணியைப் பார்த்துச் சொல்லும் தாயின் வாக்கியத்தை ஒரு பெயரடை சேர்க்காமல், ஒரு பணிவுச் சொல்லும் சேர்க்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பது அந்தக் கதிரையில் இருந்தவருக்குத் தெரியும். காரத்தைக் குறைப்பதும் பிழைதான். அவர் அஞ்சாமல் சொன்னார் என்பதும் சாட்சியத்தின் பகுதி.

இந்தப் பொறுப்பை எங்கள் தலையில் வைத்தவர்கள் எங்களுக்குத் தந்தது என்ன? அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்தி வைக்கின்றன. வட்டார வழக்குக்கு அங்கே இடமே இல்லை. வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதிக்கு யோசப் நைற் அடித்தளம் இட்டது இந்தக் குடாநாட்டில். 1842இல் மானிப்பாய் அச்சகம் வெளியிட்ட அகராதியும் இங்கே பிறந்தது. அப்படிப்பட்ட ஊரின் பேச்சுக்கு இன்று நீதிமன்றத்தில் ஒரு கைநூல்கூட இல்லை. சட்டங்களின் கடைசிப் பிரிவை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம்: சிங்கள, தமிழ் உரைகளிடையே முரண்பாடு இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும். இரண்டும் அரசகரும மொழிகள் என்று 1987இல் எழுதிவைத்த நாட்டில், சிறைக்கு அனுப்பக்கூடிய ஒரு சட்டத்தின் தமிழ் உரையை நம்பி நடந்தவர், அது பிழையென்று தெரியவரும் நாளில் யாரிடம் போவார்? 1707இல் ஒல்லாந்தர் தேசவழமையைத் தொகுத்தபோது, யான் பிரூஸ் செய்த தமிழாக்கத்தை யாழ்ப்பாணத்து முதலியார்கள் பன்னிருவர் முன் வைத்துச் சரிபார்த்தார்கள். ஆண்ட அந்நியருக்குத் தோன்றிய அந்த ஒழுங்கு நீதி அமைச்சுக்கு முந்நூறு ஆண்டு கழித்தும் தோன்றவில்லை. இன்றைக்கும் முதலியார் என்ற பதவிப் பெயரோடு நீதிமன்றங்களில் அமர்ந்திருக்கும் எங்களை, ஒரு சட்டத்தின் தமிழ் வரைவைப் பாருங்கள் என்று யார் கேட்டார்கள்?

இவ்விதழின் நிலைப்பாடு இது. சாட்சியின் தொனிக்குப் பெயர் சூட்டுவது நீதிபதியின் வேலை; பணிவாக, திமிராக, எதிர்க்கதையாக என்ற சொற்கள் எங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. அவமதிப்பென்று எடுக்கக்கூடிய வாசகம் எதுவும், ஆங்கிலப் பிரதியிலும் சாட்சி சொன்னபடியே தமிழ் எழுத்தில் அடைப்புக்குறிக்குள் நிற்க வேண்டும். ‘ஏலாது’ போன்ற இடத்தில் நீதிபதியின் அனுமதியோடு சாட்சியிடமே திருப்பிக் கேளுங்கள். நேரம் போகிறது என்று யாரும் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இதைச் சுற்றறிக்கையாக்க வேண்டியது நீதிச்சேவை ஆணைக்குழு. அதுவரை, தமிழ் எழுத்து உள்ள ஆங்கிலப் பிரதியைப் பதிவாளர் அலுவலகம் எதுவும் திருப்பி அனுப்பினால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அச்சிடுவோம்.