எங்க வீட்டுல ஆறு ஓட்டு!

தேர்தல் வந்துவிட்டால் போதும், எங்கள் தெருவில் வெள்ளை வேட்டிகளின் நடமாட்டம் ஆரம்பித்துவிடும். வாசலில் நிற்கும் என் கணவரிடம், "உங்க வீட்டுல எத்தனை ஓட்டுண்ணே?" என்பார்கள். "ஆறு. கவலையே படாதீங்க, அப்படியே விழும்" என்று இவரும் வாக்குக் கொடுத்துவிடுவார். அந்த ஆறில் மாமியார், நான், ஓரகத்தி, இந்த வருஷம் பதினெட்டு முடிந்த என் மகள் என்று நாலு ஓட்டு பொம்பளைகளுடையது. உள்ளே அடுப்படியில் நிற்கிற எங்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்கிறார்களா? சில வீடுகளில் தலைக்கு இவ்வளவு என்று கவர் நீட்டினால் அதுவும் ஆம்பளை கைக்குத்தான் போகிறது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்பது ஒரு பக்கம். வாங்கினது அவர், "காசு வாங்கிட்டோமே, போடாட்டி பாவம்" என்று பயந்து சாவது மட்டும் நாமா?

எங்கள் திண்டுக்கல் பக்கம் கட்சி என்பது பரம்பரைச் சொத்து மாதிரி. 'சூரியன் வீடு', 'இலை வீடு', 'கை வீடு' என்றே அடையாளம் சொல்வார்கள். சூரியன் வீட்டில் பிறந்தவள் இலை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டால், இனிஷியலோடு சின்னத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்!

ஆனால் என் மாமியார் கதை வேறு. 1973-ல் திண்டுக்கல் பாராளுமன்ற இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். தனிக்கட்சி ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். இரட்டை இலையில் நின்ற மாயத்தேவர் ஜெயித்தார், ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. என் மாமனார் பழுத்த தி.மு.க.காரர். "சூரியன்ல குத்திட்டு வா" என்று சொல்லி அனுப்பினாராம். அத்தை நேராகப் போய் இலையில் குத்திவிட்டு, வந்து பேசாமல் உலை வைத்தாராம். மாமனார் காலமான பிறகுதான் எங்களிடமே சொன்னார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கே தெரியாது!

இதைக் கேட்டால் ஆம்பளைகள், "பொம்பளைங்க சினிமா மூஞ்சியைப் பார்த்துத்தானே போடுவீங்க" என்று சிரிப்பார்கள். சாதிக்காரன் நிற்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவரை மட்டும் யாரும் சிரிக்கக் காணோம். அத்தையிடம் ஏன் என்று கேட்டேன். "எனக்குத் தோணுச்சு, போட்டேன்" என்றார். அவ்வளவுதான் பதில். அந்தத் தோணலுக்கு நம் மாகாணத்தில் 1921-லேயே வழி பிறந்தது. அப்போது சொத்து, வரி என்று நிபந்தனை இருந்ததால் கொஞ்சம் பேருக்குத்தான் கிடைத்தது. எல்லாருக்கும் என்று ஆனது 1951-52 முதல் பொதுத்தேர்தலில்தான். அதிலும் வடக்கே பல பெண்கள் தன் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றே எழுதிக் கொடுத்ததால், நாடு முழுக்கச் சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார்களாம். இப்போது பெயர் இருக்கிறது. ஆனாலும் 'இன்னார் வீட்டு ஓட்டு' என்றுதானே எண்ணுகிறார்கள்?

"யாருக்குப் போட்டேன்னு தெரிஞ்சா வம்பு" என்று பயப்படும் தோழிகளுக்கு ஒன்று சொல்ல ஆசை. தெரியவே தெரியாது. பட்டனை அமுக்கியதும் வருகிற சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குள் தெரியும், பிறகு பெட்டிக்குள் விழுந்துவிடும். பூத்தில் வேலை பார்ப்பவர் ரகசியத்தை வெளியே சொன்னால் மூன்று மாதம் வரை ஜெயில்.

ஆனால் தெரு ஓட்டு தெரிந்துவிடுகிறது, அதுதான் என் வயிற்றெரிச்சல். மெஷின் வந்த பிறகு ஒவ்வொரு பூத்துக்கும் தனித்தனியாகக் கணக்கு வருகிறது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி பூத் இருக்கிற இடங்களில் பொம்பளைகள் எந்தப் பக்கம் என்பதுகூட அம்பலம். 2022 உள்ளாட்சித் தேர்தல் முடிந்து குழாய்த் தண்ணீர் விஷயமாகப் போனோம். எங்கள் வார்டு பெண்கள் வார்டுதான். ஆனால் பேசுவது கவுன்சிலரம்மாவின் வீட்டுக்காரர். "உங்க தெரு எங்களுக்கா போட்டுச்சு? அப்புறம் பார்ப்போம்" என்றாரே பார்க்கலாம்! குடத்தோடு போன எங்கள் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்குப் போட்டவர்களும்தான் எங்களோடு நின்றார்கள். பதினான்கு பூத் வரை மொத்தமாகக் கூட்டிச் சொல்லும் 'டோட்டலைசர்' வேண்டும் என்று தேர்தல் ஆணையமே 2008-ல் கேட்டது. இன்னும் வந்தபாடில்லை. இதற்காக நாம் குரல் கொடுத்தால் என்ன?

2021 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்கள் பல லட்சம் அதிகம். ஜெயித்துப் போனது 234-ல் 12 பெண்கள்! அதற்காக எல்லாப் பெண்களும் ஒரே சின்னத்தில் குத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சொல்வதற்குப் பதில் குழுத் தலைவி சொல்வதைக் கேட்பதில் என்ன இருக்கிறது? எங்கள் மகளிர் குழுவில் யாருக்கு ஓட்டு என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. வருகிற வேட்பாளரிடம் தண்ணீர், தெருவிளக்கு, பள்ளிக்கூடம் போகிற வழியில் இருக்கும் டாஸ்மாக் கடை, இந்த மூன்றைப் பற்றி மட்டும் கேட்பது, அதுவும் நாமே வாசலுக்கு வந்து கேட்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

என் மகளுக்குப் பெயர் சேர்க்கும் படிவத்தை நான்தான் கூட இருந்து நிரப்பினேன். அவள் யாருக்குப் போடுவாள் என்று நானும் கேட்கமாட்டேன், நீங்களும் கேட்கக்கூடாது என்று இவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்