கொள்ளுத் தாத்தாவின் பெயர் என்ன?

உங்கள் தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய அப்பாவின் பெயர் என்ன? அவர் பிறந்த ஊர் எது? உங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பம்பாய்க்கு ரயில் ஏறியவர் யார்? எந்த ஆண்டு? என்ன வேலைக்கு?

அடுத்த பொங்கல் விழாவில் நம் அங்கத்தினர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் சற்று யோசிப்பார்கள். நடுவயதினர் பெரியவர்களின் முகத்தைப் பார்ப்பார்கள். பிள்ளைகள் கைபேசியைப் பார்ப்பார்கள்! ராஜராஜ சோழனின் வம்சாவளியைச் சொல்லத் தெரிந்த நமக்குச் சொந்தக் கொள்ளுத் தாத்தாவின் பெயர் தெரியாது. ராஜராஜனின் கதையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நம் கதை எங்கே இருக்கிறது?

அதுவும் இருக்கத்தான் செய்கிறது. சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், பரண்மேல் கிடக்கும் தகரப் பெட்டியில், சார்பதிவாளர் அலுவலகத்தின் பழைய ஏட்டில் இருக்கிறது. ஆனால் அவற்றைப் படித்து, ‘இவர் இன்னார்’ என்று அடையாளம் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். இன்னும் சில ஆண்டுகள் போனால் காகிதம் இருக்கும். விளக்கம் சொல்ல ஆள் இருக்காது. ஆகவே குடும்ப வரலாற்றைத் தேடி எழுதும் வேலையை நம் தலைமுறையே, இப்போதே செய்து முடிக்க வேண்டும் என்பது என் கருத்து.

காகிதம் இல்லாதவர் கதி

“பழங்கதை தெரிந்து என்ன ஆகப்போகிறது?” என்று சிலர் கேட்கலாம். இலங்கை மலையகத் தமிழர்களுக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். 1948இல் அங்கே வந்த குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனாரும் அவருடைய தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவரின் பாட்டனாருக்குப் பிறப்புச் சான்று ஏது? லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு பிரித்தது. அந்தச் சட்டத்தின் நோக்கமே நியாயமானதல்ல என்பது வேறு விஷயம். ஆனால் பாட்டனார் பெயரில் ஒரு காகிதம் இருந்ததா இல்லையா என்பது பேரனின் நாட்டையே தீர்மானித்தது என்பது உண்மை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் மகாராஷ்டிரத்திலேயே சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகும் பட்டியல் சாதியினரிடம் 1950 ஆகஸ்டு 10க்கு முன்பும், இதர பிற்படுத்தப்பட்டோரிடம் 1967 அக்டோபர் 13க்கு முன்பும் குடும்பம் இம்மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். தாராவி மறுசீரமைப்பிலோ 2000 ஜனவரி 1 என்ற தேதி முன்னால் நிற்கிறது. தாத்தா தோல் பதனிடும் கம்பெனியில் வாங்கிய சம்பளச் சீட்டு, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பெரியப்பா பெற்ற பள்ளி விடுப்புச் சான்றிதழ், 1976இல் எடுத்த குடிசைக் கணக்கெடுப்பின் ‘போட்டோ பாஸ்’ ஆகியவற்றை வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டவர்கள் எத்தனை பேர்!

1992இல் மான்கூர்டு – வாஷி ரயில் வந்த பிறகு தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நம்மவர்கள் பலர் வாஷி, சான்பாடா, நெருல் என்று இடம் பெயர்ந்தோம். புது வீட்டில் பரண் இல்லை. ஆகவே பழைய பெட்டிக்கும் இடம் இல்லாமல் போயிற்று.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் கதை நேர்மாறானது. 1860 முதல் 1911 வரை சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட 1,52,184 பேரின் விவரங்கள் பதிவாகியுள்ளன. பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, கிராமம், ஜில்லா, உடம்பிலுள்ள அடையாளம் என அனைத்தையும் எழுதினார்கள். ஆளைத் தப்பவிடாமல் பிடிப்பதற்காக எழுதிய கணக்கு அது! ஆனால் இன்று அந்தப் பட்டியலை வைத்துத்தான் அவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் தமிழ்நாட்டில் தங்கள் கிராமத்தைத் தேடி வருகிறார்கள். நாமோ சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி ரயிலேறி வந்தவர்கள். சுதந்திரமாக வந்ததால் நம்மை யாரும் எழுதி வைக்கவில்லை. நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

கல் சொல்வது

இறந்தவருக்குக் கல் நட்டுப் பெயர் பொறிப்பது தமிழருக்குப் புதிதல்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட தமிழ் எழுத்து இருக்கிறது. ஆநிரை மீட்கப் போராடி மாண்டவன் பெயரும் ஊரும் இன்றைக்கும் தெரிகின்றன. பிற்காலத்தில் எரிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களுக்குக் கல் இல்லாமற் போயிற்று. திதி கொடுக்கும்போது சொல்லும் மூன்று தலைமுறைப் பெயர்கள்தான் அவர்களுக்கு மிச்சம்.

புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்களுக்குக் கல்லறையும் மீசான் கல்லும் துணை நிற்கின்றன. திருநெல்வேலிச் சீமைத் தேவாலயங்களில் கல்லறைகளோடு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளும் உண்டு. பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பெயர்ப்பட்டியலில் இருந்தவர்கள் 40 பேர். கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி மிஷன் வரலாற்றுக்கு அந்தப் பட்டியல் ஓர் ஆதாரமாயிற்று.

ஆங்கிலேயர்கள் இதில் கெட்டிக்காரர்கள். சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜே.ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1905இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். 1976இல் லண்டனில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி இன்றும் தெற்காசியாவிலுள்ள தங்கள் முன்னோரின் கல்லறைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். நம் சுப்பையாவுக்கும் ஞானப்பழத்துக்கும் மைதீன் பிச்சைக்கும் அப்படி யார் செய்தார்கள்? மும்பையிலோ இடநெருக்கடியால் பல கல்லறைத் தோட்டங்களில் சில ஆண்டுகளுக்குள் அதே குழி வேறொருவருக்குப் போய்விடுகிறது. இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வைத்தால்தான் உண்டு.

கடிதமும் உயிலும்

தபால் அட்டை இந்தியாவுக்கு வந்தது 1879இல்; மணியார்டர் அதற்கு அடுத்த ஆண்டு. பம்பாய்த் தமிழ்க் குடும்பங்களை ஊரோடு கட்டி வைத்தவை இந்த இரண்டும்தான். பழைய கடிதத்தில் விஷயத்தை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். கடைசியில் “பெரியாத்தா, சின்னான், கோமதி எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்” என்று ஒரு வரிசை வரும். அந்த வரிசைதான் அன்றைய குடும்பம்! முகவரியில் ‘மேற்பார்வை’ என்றோ ‘கேர் ஆஃப்’ என்றோ ஒரு பெயர் இருக்கும். தாத்தாவை ஊரிலிருந்து கூட்டி வந்து, பாய் விரிக்க இடம் கொடுத்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். மணியார்டர் கூப்பனில் உள்ள தொகையும் தேதியும், எந்த மாதம் வேலை இருந்தது, எந்த மாதம் இல்லை என்பதைச் சொல்லும்.

உயிலும் பாகப்பிரிவினைப் பத்திரமும் இன்னும் உறுதியான சாட்சிகள். யாருக்கு யார் பிள்ளை, யார் வாரிசில்லாமல் இறந்தார், யார் ‘பம்பாயிலிருக்கும்’ மகன் என்பதெல்லாம் ஒரே பத்திரத்தில் இருக்கும். நான்கெல்லையில் பக்கத்து நிலக்காரராகக் குறிக்கப்படுபவர் பல சமயம் பங்காளியாகவே இருப்பார். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமல்ல. ஆனால் பதிவான உயிலுக்கு, எழுதியவர் காலமான பிறகு விண்ணப்பிக்கும் யாருக்கும் நகல் கொடுக்க 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இடமளிக்கிறது. பம்பாய், சென்னை நகரங்களில் உயிலுக்கு நீதிமன்றத்தில் ‘புரோபேட்’ வாங்கும் விதி நெடுங்காலம் இருந்ததால் அங்கும் பழைய கோப்புகள் உண்டு.

படிக்கும்போது இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும். ஒன்று, ஆண்டுக் கணக்கு. ‘துர்மதி வருஷம்’ என்றிருந்தால் அது 1861, 1921, 1981 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். கடிதத்திலுள்ள ஆட்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதனோடு ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரிக்குப் பின் 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். நிலக் கணக்கிலுள்ள பசலியோடு 590 கூட்டினால் ஜூலையில் தொடங்கும் ஆண்டு வரும். பழைய பத்திரங்களில் வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படிக்கு ௸ என்று குறிகள் இருக்கும்.

இரண்டாவது, பெயர். ஊரில் மாடசாமி மகன் சுடலைமுத்து; பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பதால் அடுத்தவனும் மாடசாமி! பம்பாய்க்கு வந்தாலோ ‘சர்நேம் என்ன?’ என்று கேட்டார்கள். ஒரு தம்பி அப்பா பெயரைச் சொன்னார். இன்னொருவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். மூன்றாமவர் சாதிப் பெயரைச் சொன்னார். உடன்பிறந்த மூவரும் காகிதத்தில் மூன்று குடும்பம் ஆனார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒரே ரயிலில் பயணம் செய்தாலும் ஒருவரையொருவர் உறவென்று அறிய வழியில்லை. ஏன் இந்தப் பெயர் வந்தது என்பதை எழுதி வைக்காவிட்டால் எந்த ஆவணமும் பிற்காலத்தில் பொருந்தாது.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, பழைய பத்திரம் கேட்டு ஊருக்குப் போனால், “பங்கு கேட்க வந்திருக்கிறான்” என்றுதான் நினைப்பார்கள். ஆகவே முதலில் நம் கையிலுள்ள கடிதத்தையும் படத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் கதவு திறக்கும்.

இரண்டாவது, இந்தத் தேடல் சாதிப் பெருமைக்கு ஊன்றுகோல் ஆகிவிடக் கூடாது. ‘நாங்கள் ஆண்ட பரம்பரை’ என்று நிரூபிக்கக் கிளம்புகிறவர்களுக்குக் கல்லும் காகிதமும் தேவையில்லை, கற்பனையே போதும்! நாம் தேடும்போது கடன் பத்திரம் கிடைக்கலாம், கைநாட்டு கிடைக்கலாம், மறைத்து வைத்த இரண்டாம் திருமணமும் வெளிவரலாம். பஞ்சம் பிழைக்க வந்த பாட்டனாரைப் பஞ்சம் பிழைக்க வந்தவர் என்று எழுதுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் உயிரோடிருப்பவர் மனம் நோகும் செய்திகளை அவர் சம்மதமின்றி வெளியிடாதிருப்பது பண்பு.

மூன்றாவது, பெண்களை விட்டுவிடாதீர்கள். பத்திரங்களில் அவர்கள் ‘இன்னார் மனைவி’ என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள். பல கல்லறைகளிலும் அப்படியே. ஆனால் யார் யாருக்கு எந்த முறை, எந்தக் குழந்தை எந்தப் பிளேக்கில், எந்த வெள்ளத்தில் போயிற்று என்பதெல்லாம் ஆச்சிகளுக்கும் அத்தைகளுக்கும்தான் தெரியும். தாய்வழிப் பாட்டியின் பெயரும் பிறந்த ஊரும் இல்லாத வம்சாவளி பாதி வம்சாவளிதான்.

சங்கம் செய்யக்கூடியது

நம் சங்கத்துக்கு இரண்டு யோசனைகளை முன்வைக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இரண்டு மணி நேரம் உட்காரட்டும். அங்கத்தினர்கள் தங்கள் வீட்டுக் கடிதத்தையும் பத்திரத்தையும் கொண்டு வந்து படித்து, எழுதிக்கொண்டு போகட்டும். இந்த இதழில் மாதம் ஒரு பக்கத்தை ஒரு குடும்பத்தின் பயணக் கதைக்கு ஒதுக்கட்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியதும் எளிதுதான். பழைய காகிதத்துக்கு லாமினேஷன் போடாதீர்கள். சூட்டில் கெடும், பிறகு பிரிக்கவே முடியாது. காற்றுப் புகும் காகித உறையில் வைத்து, ஒவ்வொன்றையும் கைபேசியில் படமெடுத்து, இரண்டு மூன்று உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். புகைப்படத்தின் பின்புறம் இருப்பவர்களின் பெயர்களைப் பென்சிலால் எழுதுங்கள். அடுத்த முறை ஊர்க் கொடைக்கோ கோயில் திருவிழாவுக்கோ போகும்போது கல்லறைகளைப் படமெடுத்து, வாசகத்தைத் தமிழில் எழுதி வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வேலையில் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ‘தமிழ் படி’ என்றால் ‘எதற்கு?’ என்று கேட்கிற பிள்ளைக்கு, தன் கொள்ளுத் தாத்தா தாராவியிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதத்தைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. அந்தக் கடிதம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இல்லை, தமிழில்தான் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாத தலைமுறைக்கு நாம் விட்டுச் செல்லும் வீடு இருக்கும், வங்கிக் கணக்கு இருக்கும். தாங்கள் யாருடைய பிள்ளைகள் என்ற விவரம் மட்டும் இருக்காது.

இந்த விடுமுறையிலேயே பெட்டியைத் திறவுங்கள்.