பூக்காட்சியும் தீட்டுக்கல்லும்

ஒவ்வொரு மே மாதமும் உதகமண்டலத்தில் பூக்காட்சி நடக்கிறது. 1896-ல் வெள்ளைக்காரன் தொடங்கி வைத்தது. அவன் போன பிறகும் நம்மவர்கள் விடவில்லை. 2025-ல் நடந்தது 127-ஆவது காட்சி. கூடவே கோத்தகிரியில் காய்கறிக் காட்சி, கூடலூரில் வாசனைப் பொருள் காட்சி, உதகை ரோஜாப் பூங்காவில் ரோஜாக் காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் காட்சி. எல்லாம் சேர்ந்து கோடை விழா. ஒரு மலை ஊர் தன்னை எப்படி விற்கிறது, ஊர் விழாவை யார் யாரை வைத்து நடத்துகிறது என்று படிக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. கொஞ்சம் உரக்கவே படிப்போம்.

2025 காட்சியில் பூக்களால் சோழர் அரண்மனை கட்டினார்கள். ஜனம் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. எம்.ஏ. தமிழில் கல்வெட்டியல் தாள் படித்தவன் நான். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியல் வரும். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகிற அந்தப் பட்டியலில் பறைச்சேரியும் இருக்கிறது, தீண்டாச்சேரியும் இருக்கிறது. அதாவது ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே சேரியைக் கல்லில் வெட்டி வைத்த ஆட்சி அது. அரண்மனையைப் பூவால் கட்டியவர்கள் தீண்டாச்சேரியை ஏன் கட்டவில்லை? கட்ட வேண்டிய அவசியம் இல்லை தோழர்களே. அது பூவில்லாமலே நின்றுகொண்டிருக்கிறது.

எங்கே நிற்கிறது? விழா முடிந்த மறுநாள் குப்பை வண்டி பின்னாலேயே போய்ப் பாருங்கள். உதகையின் குப்பை போய்ச் சேரும் இடத்தின் பெயர் தீட்டுக்கல். பெயரைக் கவனியுங்கள். ஊர் தன் அழுக்கைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு இப்படி ஒரு பெயருள்ள இடம் வாய்த்திருக்கிறது. ஏரியில் படகு விடுகிறார்கள். அதே ஏரிக்குள்தான் கோடப்பமந்து கால்வாய் நகரத்தின் சாக்கடையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. படகில் போகிறவனுக்கு மூக்கு இருக்கிறது, பொத்திக்கொள்கிறான். கால்வாய்க்குள் இறங்குகிறவனுக்கும் மூக்கு இருக்கிறது. அதை எந்த விழாக் குழுவும் கணக்கில் எடுத்ததில்லை.

என் சின்னம்மா ஒருவர் மலை ஊர் ஒன்றில் ஒப்பந்தத்தில் தெருக் கூட்டுகிறார். ஊர்ப் பெயரைச் சொன்னால் அவர் வேலை போய்விடும். அதனால் சொல்லவில்லை. விழா நாட்களைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே வைக்கிறேன்:

“மேடை போடற அன்னிக்கு ராத்திரியே வரச் சொல்லுவாங்க கண்ணு. கூட்டம் வர்றதுக்குள்ள கூட்டி முடிச்சுட்டு யார் கண்ணுலயும் படாமப் போயிரணும். கூட்டம் போனப்புறம் மறுக்கா வரணும். விடிகாலப் பனியில கொழாத்தண்ணி கையில பட்டா வெரலு இருக்கறதே தெரியாது. அத்தன பேரு போற கக்கூசக் கழுவறோம், எங்களுக்கு அவசரத்துக்கு ஒதுங்க ஒரு எடமில்ல. துணி மாத்த ஒரு ரூமு இல்ல. பூ பாக்க என்னிக்குடா உள்ள போனோம்? நாங்க கூட்டுன பாதையிலதான் எல்லாரும் பூ பாக்கப் போறாங்க.”

இது ஒரு சின்னம்மாவின் குறை மட்டுமில்லை, ஏற்பாடு. ஊரை அழகாகக் காட்ட வேண்டுமென்றால் அழுக்கைச் சுமக்கிறவரை மறைக்க வேண்டும். அழுக்கு வெளியே தெரிந்தால் மானம் போகும், அதை எடுக்கிறவர் வெளியே தெரிந்தாலும் மானம் போகும் என்று நினைக்கிற ஊர் இது. 2024-ல் ஒன்றிய அரசே வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. நகரங்களில் சாக்கடையிலும் மலத் தொட்டியிலும் வேலை செய்யும் சுமார் 38,000 பேரைப் பதிவு செய்ததில் பட்டியல் சாதியினர் ஏறக்குறைய 69 விழுக்காடு. வேலைக்குச் சாதி கிடையாது என்று சொல்லுகிற பெரிய மனிதர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் விளக்கட்டும்.

விழா சீசனில் கல்லூரிப் பிள்ளைகளும் சங்கக்காரர்களும் வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டு புதுக் கையுறையோடு பாட்டில் பொறுக்குகிறார்கள். படம் பத்திரிகையில் வருகிறது. நல்லதுதான், பொறுக்கட்டும். ஆனால் ஒருநாள் பொறுக்கினால் அது சேவை. தினமும் பொறுக்கினால் அது சாதி. ஒரே பாட்டில், ஒரே தெரு.

இப்போது புதுசாக ஒரு சொல் வந்திருக்கிறது. ‘தாங்கு திறன்.’ மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயச் சொல்லி உயர் நீதிமன்றம் ஐ.ஐ.டி.யையும் ஐ.ஐ.எம்.மையும் இறக்கியிருக்கிறது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு போட்டார்கள். வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலும் வார இறுதியில் ஒரு நாளைக்கு 32,000 பேர். பஸ்ஸில், ரயிலில் வருகிறவர்கள் தனி. 2011 கணக்கெடுப்பில் உதகை நகரத்தின் மொத்த ஜனத்தொகையே 88,430-தான்.

வரம்பு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மலைக்கும் மூச்சு வேண்டும். ரோடு எவ்வளவு தாங்கும், தண்ணீர் எவ்வளவு தாங்கும், காடு எவ்வளவு தாங்கும் என்று அளக்கட்டும். அந்த முப்பத்திரண்டாயிரம் பேரின் மலத்தையும் எச்சில் இலையையும் சுமக்கிற முதுகு எவ்வளவு தாங்கும் என்று யார் அளப்பது? அதற்கு ஐ.ஐ.டி. வேண்டாம். விடிகாலை நாலு மணிக்குத் தெருவில் நின்று பார்த்தால் போதும்.

லாட்ஜுகள், காட்டேஜுகள், அவற்றுக்குக் கீழே தொட்டிகள். சீசனில் தொட்டி நிறைகிறது. பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டுமென்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. சாவின் விலை ஏறியிருக்கிறது. இறக்குவது நிற்கவில்லை. அறை வாடகை சீசனுக்குச் சீசன் கூடுகிற ஊரில் ஒரு எந்திரத்துக்குக் காசில்லை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

“சுற்றுலாதானய்யா இந்த ஊருக்குச் சோறு போடுது, அதிலயும் மண்ணப் போடறியா?” என்று கேட்பார்கள். நம் ஆட்களே கேட்பார்கள். வண்டி ஓட்டுகிறவர், கடலை வறுக்கிறவர், கேரட் விற்கிறவர் எல்லாரிலும் நம் சனம் இருக்கிறது. சோறு போடுவது உண்மைதான். பந்தியில் யார் உட்காருகிறார்கள், இலை எடுப்பது யார் என்பதுதான் கேள்வி. பந்தியை நிறுத்து என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்கும் இலை போடு என்கிறோம்.

நீலகிரி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 32 விழுக்காடு. இது 2011 கணக்கு. மூன்றில் ஒருவர். தோட்டம் போடவும் ரோடு வெட்டவும் சமவெளியிலிருந்து ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு இங்கே இறங்கியவர்களிலும் பலர் நம்மவர்கள். என் கையில் சேர்த்து வைத்திருக்கும் சுற்றுலாத் துண்டறிக்கைகளைப் புரட்டினேன். தோடர் இருக்கிறார், சால்வையோடும் நடனத்தோடும். தேயிலை இருக்கிறது, கிள்ளும் கை மட்டும் இருக்கிறது, அந்தக் கைக்கு முகமில்லை. பழங்குடியைக் காட்சிப் பொருளாக நிறுத்துகிறார்கள். நம்மை மறைக்கிறார்கள். மேடையில் ஆடவிடுவதும் மேடைக்குக் கீழே ஒளித்து வைப்பதும் ஒரே கை செய்யும் வேலை.

2022 மே மாதம் ‘உதகை 200’ என்று கொண்டாடினார்கள். 1819-ல் மலையேறி, 1822-ல் கல் பங்களா கட்டத் தொடங்கிய கலெக்டர் ஜான் சலிவனுக்கு முதலமைச்சர் சிலை திறந்தார். சலிவன் வந்தார், ஊர் பிறந்தது என்பது கதை. கல் பங்களாவுக்குக் கல் சுமந்தவன் பெயர் அந்தக் கதையில் கிடையாது. சரி, சுமந்தவன் பெயரைத்தான் எவனும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த பெயர்களையாவது சொன்னார்களா?

அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் பிறந்து நீலகிரியில் வளர்ந்தவர். 1870-களில் இந்த மலையில்தான் அத்வைதானந்த சபையை நடத்தினார். இரட்டைமலை சீனிவாசன் சென்னைக்குப் போய்ப் ‘பறையன்’ பத்திரிகை தொடங்கியது 1893-ல். அதற்கு முன் இதே நீலகிரியில் கணக்கு எழுதிப் பிழைத்தவர். 1891 டிசம்பர் 1-ஆம் தேதி அயோத்திதாசர் இந்த மலையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். கல்வி கேட்டார்கள், நிலம் கேட்டார்கள், மனிதராக நடத்தச் சொன்னார்கள்.

தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள். பூக்காட்சி 1896. நம் மாநாடு 1891. வெள்ளைக்காரன் ரோஜாவைத் தொட்டியில் வைத்து வேடிக்கை காட்டுவதற்கு ஐந்து வருஷம் முன்பே இந்த மலையில் சனத்தைக் கூட்டித் தீர்மானம் போட்டவர்கள் நாம். விழா நடத்தவும் சபை கூட்டவும் எவனும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் நம் கைக்கு விளக்குமாறு மட்டும் மிச்சம் என்றால் அது இயற்கையாக நடந்ததா? நடத்தப்பட்டது.

ஆகவே கேட்கிறோம். கெஞ்சவில்லை, கேட்கிறோம். கோடை விழாக் குழுவில் கலெக்டரும் ஓட்டல் சங்கமும் உட்காருகிற அதே வரிசையில் தூய்மைப் பணியாளர்கள் தேர்ந்தெடுத்த ஆள் உட்கார வேண்டும். சீசன் வேலைக்குச் சீசன் கூலி வேண்டும், விழா முடிவதற்குள் கையில் வர வேண்டும். பணியாளருக்குக் கழிப்பறையும் துணி மாற்ற அறையும் வெந்நீரும் இல்லாத இடத்தில் விழாவுக்கு அனுமதி தரக்கூடாது. தொட்டிக்குள் ஆளை இறக்கும் லாட்ஜுக்கு உரிமம் கிடையாது என்று எழுத வேண்டும். ஒப்பந்தக்காரன் கையிலிருந்து வேலையைப் பிடுங்கி நிரந்தரமாக்க வேண்டும். ஊரின் வரலாறு என்று அச்சடிக்கிற ஒவ்வொரு தாளிலும் 1822-க்குப் பக்கத்தில் 1891-ம் இருக்க வேண்டும்.

இதில் எதற்கும் மலையை வெட்ட வேண்டாம், மரத்தைச் சாய்க்க வேண்டாம். மனசுதான் வேண்டும். அது வராது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் சங்கம் வேண்டும். மே மாதத்தில் ஒரே ஒரு விடிகாலை எல்லா விளக்குமாறும் ஒன்றாகக் கீழே வைக்கப்பட்டால், அன்றைக்கு மத்தியானம் பூ வாசம் எவ்வளவு தூரம் வரும் என்று ஊர் தெரிந்துகொள்ளும்.

தமிழில் தீட்டு என்றால் ஒரு பொருள்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தீட்டுதல் என்றால் கூர்மையாக்குதல் என்றும் பொருள். ஊர் தன் அழுக்கைக் கொட்டிவிட்டு வந்த கல்லில் நாங்கள் தீட்டிக்கொண்டிருக்கிறோம்.