தாத்தா துப்பாக்கிக்குப் புதுக் குழாயா?

பாகூரில் பெரியப்பா வீட்டுப் பரணில் தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. லைசென்சும் உண்டு. மருந்து கெட்டிக்கிற ரகம். கரிமருந்து எரிந்து மிஞ்சுகிற உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். சுட்ட அன்றே கழுவணும். தாத்தா கழுவினார். பெரியப்பா கழுவலை. குழாய் உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது.

இப்போ வில்லியனூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் பைப் வாங்கி மாட்டப் போகிறாராம்!

என்னங்க இது? சாதாரணத் தண்ணி பைப், தகட்டை வளைத்து வெல்டு வைத்தது. மருந்து வெடித்தால் அந்த மூட்டே பிளக்கலாம். பிளக்கிற இடத்தில் இருப்பது சுடுகிறவரின் இடது கை. முறையான தொழிற்சாலையில் குழாயை வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் சுட்டுச் சோதித்த பிறகுதான் வெளியே விடுவார்கள். பட்டறையில் யார் சோதிப்பது? பெரியப்பாவின் விரல்களா?

அவர் விரல், அவர் பாடு என்றும் விட முடியாது. 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம். இவர் ஆசைக்கு உள்ளே போவது, கூலிக்கு வேலை செய்கிற அந்த லேத்காரர்.

சரி, மாட்டி எதைச் சுடுவது? ஊசுட்டேரி 2008இலேயே பறவைகள் சரணாலயம் ஆகிவிட்டது. பாகூர் ஏரிக் கொக்குக்கும் 1972 வனவுயிர்ச் சட்டம் காவல் இருக்கிறது.

"தாத்தா ஞாபகம்டா" என்கிறார். குழாயை மாற்றிவிட்டால் அது எந்தத் தாத்தா துப்பாக்கி? உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையில் காட்டுங்கள், தேறாது என்றால் ஸ்டேஷனில் ஒப்படையுங்கள் என்றேன். நாலு நாளாகப் பேசவில்லை.